ஒருவர் மட்டும்

காலை பத்தே கால் மணி. அரங்கில் அறுபத்து நான்கு பேர். முதலில் எழுந்து வெளியே போனவர் குழந்தைவேலு.

அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன் தம்பி. உங்கள் கேள்வித்தாளில் முதல் கேள்வி என்ன? 'பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஆன்லைன் வகுப்புக்கு வர எது உதவியது?' அதற்கு என் கட்டுரையில் ஏழு காரணங்கள் எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டுத்தானே சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள்? சந்தோஷம். ஏழையும் சொல்கிறேன். போனை அந்தப் பக்கம் தள்ளி வையுங்கள், ஃபேன் சத்தம் விழும். சத்தம் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன்.

அது 2023 ஆகஸ்ட். நான் நடத்திய ஒன்பதாவது பயிற்சிப் பட்டறை. இந்த மின்வழிக் கற்றல் மையத்துக்கு நான் இயக்குநராக வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. குத்துவிளக்கு ஏற்றி, துணைவேந்தர் பேசி, பொன்னாடை போட்டு, குரூப் போட்டோ எடுத்து முடித்தபோதுதான் பத்தே கால். போட்டோ முடிந்தால் கூட்டம் கலையும். எங்கள் பல்கலைக்கழகத்தில் அது வழக்கம். மாலை நான்கு மணிக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள். நடுவில் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு ஒரு பத்துப் பேர் இருந்தால் பெரிது. ஆனால் குழந்தைவேலு சும்மா எழுந்து போகவில்லை. கேள்வி கேட்டுவிட்டுப் போனார்.

"சார், ஒரு சந்தேகம். நான் பேசும்போது பிள்ளைங்க முகம் எங்க தெரியும்?"

"முகம் தெரியாது சார். கேமரா போட்டா அவங்க டேட்டா தீந்துரும். பேரு மட்டும் கட்டம் கட்டமா வரும்."

"சத்தம்?"

"மைக்கையும் அணைச்சு வச்சிருக்கச் சொல்லிருவோம். இல்லேன்னா ஒருத்தர் வீட்டுல குக்கர் விசில், இன்னொருத்தர் வீட்டுல நாய்."

"அப்போ நான் யாருகிட்ட பேசுதேன்?"

"கேமராகிட்ட."

"கேமரா தலையாட்டுமா சார்?"

அரங்கமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பையை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் பின்னாலேயே ஒரு இருபது பேர். இதைத்தான் கட்டுரையில் 'தொழில்நுட்பத்தின் மீதான மனத்தடை' என்று குறிப்பிட்டிருக்கிறேன். பெயர் போடவில்லை. நாகரிகம் என்று ஒன்று இருக்கிறது.

குழந்தைவேலு யார் என்று கேட்கிறீர்களா? நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். புவியியல் துறைத் தலைவர். தலைவர் என்றால், அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர் அவர் ஒருவர்தான். மற்ற இரண்டு பேர் கௌரவ விரிவுரையாளர்கள், வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. முந்தைய வருடம் எம்.ஏ. புவியியலில் சேர்ந்தவர்கள் நான்கு பேர். அதிலும் ஒரு பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். துறையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று ஆட்சிமன்றக் குழுவில் பேச்சு வந்தது. அப்போது கை தூக்கியது யார்? நான். ஆன்லைனில் இரண்டு வருடப் படிப்பாக நடத்திப் பார்க்கலாம், வெளியூரிலிருந்து ஆள் வரும் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். ஒரே நிபந்தனை. 2025 ஏப்ரலில் நாற்பது பேராவது படிப்பை முடிக்க வேண்டும். முடித்தால் துறை இருக்கும், ஒரு புதிய நிரந்தரப் பணியிடமும் வரும். முடிக்காவிட்டால், அந்த ஜூனில் குழந்தைவேலு ஓய்வு பெறும்போது துறையும் போகும், அந்த இரண்டு பேரும் போவார்கள்.

சேர்ந்தவர்கள் ஐம்பத்திரண்டு பேர். நான் சொன்னபடியே வெளியூர்க்காரர்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர், வால்பாறையில் பள்ளிக்கூட ஆசிரியர்கள் மூன்று பேர், கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கிற பெண்கள், ஒரு தாலுகா அலுவலக சர்வேயர். ஆள் பிடித்துக் கொடுத்தாயிற்று. கண்ணாடி அறை கட்டிக் கொடுத்தாயிற்று. இனி வாயைத் திறந்து பாடம் நடத்த வேண்டியது அவர் வேலை. சரிதானே?

தம்பி, ஒன்று சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது. நீங்கள் குனிந்தபடி எழுதிக்கொண்டே இருந்தால் எனக்குக் கோர்வையாக வரமாட்டேன் என்கிறது. போன்தான் பதிவு செய்கிறதே. நிமிர்ந்து என்னைப் பாருங்கள். ஏதாவது சொல்லுங்கள். சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது.

ஆங். எங்கே விட்டேன்? கண்ணாடி அறை.

வரும்போது பார்த்திருப்பீர்கள், வரிசையாக ஆறு கண்ணாடி அறைகள். இந்த வளாகத்தில் இணையம் அறுந்து போகாமல் வருவது அங்கே மட்டும்தான். அதனால் ஆன்லைன் வகுப்பு எடுக்கிறவர்கள் எல்லோரும் இங்கேதான் வர வேண்டும். உள்ளே நல்ல கேமரா, நல்ல மைக், சுவரெல்லாம் சத்தம் உறிஞ்சுகிற பஞ்சு. கதவைச் சாத்தினால் உங்கள் மூச்சு உங்களுக்கே கேட்கும். வெளியிலிருந்து பார்த்தால் உதடு அசைவது மட்டும் தெரியும். அப்படிக் கட்டுவதற்கு நான் என்ன பாடுபட்டேன் தெரியுமா?

முதல் நாள் குழந்தைவேலு வந்தார். இந்த மனிதர் வகுப்பில் பேசினால் அடுத்த கட்டடத்துக்குக் கேட்கும். மேற்குத் தொடர்ச்சி மலை என்றால் வலது கையை நீட்டி அதையே மலையாக்கிவிடுவார். முழங்கை பாலக்காட்டுக் கணவாய். இடது கை காற்று. மாணவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவர் உள்ளே போய், சிவப்பு விளக்கு எரிந்ததும், வணக்கம் என்றார். அப்புறம் ஒப்பிக்கிறார், ஒப்பிக்கிறார், அப்படி ஒப்பிக்கிறார். ஒரு மணி நேரப் பாடத்தை ஒன்பது நிமிடத்தில் முடித்துவிட்டு வெளியே வந்துவிட்டார். சட்டை முதுகு நனைந்திருந்தது. ஏ.சி. அறை தம்பி.

"தண்ணி இருக்கா சார்?" என்றார்.

"கையைத் தூக்காதீங்க சார், கேமராவுக்கு வெளிய போயிருது. மத்தபடி நல்லாதான் இருந்துச்சு" என்றேன். ஊக்கப்படுத்த வேண்டும். கட்டுரையில் நான்காவது காரணம் அது, நிர்வாகத்தின் ஊக்கம்.

அடுத்த இரண்டு வகுப்பும் அப்படித்தான். பத்து நிமிடம், பதினொரு நிமிடம். ஐம்பத்திரண்டு பேரில் ஆறு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். மற்றத் துறைகளிலும் அதே கதைதான். அறுபத்து நான்கு பேருக்குச் சான்றிதழ் கொடுத்திருந்தேன். அறைப் பக்கம் ஒழுங்காக வந்தது மூன்று பேர்.

நான்காவது வகுப்பன்று ஜெபமணி மேடம் வந்தார். விலங்கியல். நாசரேத்துக்காரர். குழந்தைவேலுவும் அவரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். எங்கள் மையத்திலிருந்து கேமரா நிற்கவைக்கிற மூன்று கால் ஸ்டாண்டை வாங்கிப் போயிருந்தார், திருப்பிக் கொடுக்க வந்தார். கண்ணாடி வழியாக இவர் திணறுவதைப் பார்த்தார். என்னைக் கேட்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே போய், கேமராவுக்குப் பின்னால் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். கையில் ஸ்டாண்டைப் பிடித்தபடியே.

குழந்தைவேலு அவரைப் பார்த்தார். "தென்மேற்குப் பருவக்காத்து கடல்ல இருந்து வருது" என்றார்.

"ம்" என்றார் இந்த அம்மாள்.

"நேரா வந்து மலையில முட்டுது."

"ம்."

"முட்டுன காத்து என்ன செய்யும்?"

"மேல ஏறும்."

"ஏறுனா?"

"குளிரும். அப்புறம்?"

அவ்வளவுதான். வலது கை மலையாகிவிட்டது. ஐம்பத்தைந்து நிமிடம். நான் இங்கே இருந்து ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். பாடம் நன்றாகத்தான் இருந்தது, மறுக்க மாட்டேன். ஆனால் பின்னணியில் ம், ம், ம் என்று ஒரு சத்தம். எனக்குக் காதில் ஈ நுழைந்த மாதிரி இருந்தது.

அப்புறம் அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. குழந்தைவேலுவின் வகுப்புக்கு ஜெபமணி போவார். ஜெபமணியின் வகுப்புக்குக் குழந்தைவேலு போய்த் தவளையின் இதயத்துக்கு உம் கொட்டுவார். தாவரவியல்காரர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, எனக்கும் ஒரு ஆள் பாருங்கள் என்றார். பொருளியலும் வணிகவியலும் ஜோடி சேர்ந்தன. பத்து வருடமாகப் பேசாத இரண்டு பேர் இதற்காகப் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் வராந்தாவில் காதில் விழுந்தது: "சார், பதினொரு மணிக்கு எனக்கு உம் போட வாரீங்களா? ரெண்டு மணிக்கு நான் உங்களுக்கு வாரேன்." பேராசிரியர்கள் பேசுகிற பேச்சா இது? கிளாஸ் நடக்கும்போது ஒருவருக்கு மைக் வேலை செய்யவில்லை என்றால் உம் போட வந்தவரே சரிசெய்துவிடுவார். பாடத்தை எப்படி ஏற்றுவது, பரீட்சையை எப்படி வைப்பது எல்லாம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தே ஒருவருக்கொருவர் கற்றுக்கொண்டார்கள். என் பட்டறையில் அதெல்லாம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. வந்து உட்கார்ந்து கேட்டிருந்தால் போதும்.

அதைவிட ஒரு கூத்து. மாணவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். அணைத்து வைக்கச் சொன்ன மைக்கைத் திறந்து "ம் சார்", "ம் மேடம்" என்றார்கள். அந்தக் கிரேன்காரர் கிரேனில் உட்கார்ந்துகொண்டே, சங்குச் சத்தத்துக்கு நடுவில் "அப்புறம் சார்?" என்பார். வால்பாறையில் மழை பெய்வது கேட்கும். ஒரு பெண் வீட்டில் குழந்தை அழும். குழந்தைவேலு அதற்கும் பதில் சொல்வார். "அழாத ராசா, மழை வரப்போவுது." வகுப்பா, சந்தையா?

ஆனால் தம்பி, கணக்கு ஏறியது. அதைச் சொல்ல வேண்டும். டிசம்பருக்குள் அறைக்கு வருகிற மூன்று ஆசிரியர்கள் நாற்பத்தொரு பேராக ஆனார்கள். நின்றுபோன ஆறு மாணவர்களும் திரும்பி வந்தார்கள். துணைவேந்தர் என்னைக் கூப்பிட்டு, "மாசிலாமணி, என்ன மாயம் பண்ணீங்க?" என்று கேட்டார்.

உட்கார்ந்து யோசித்தேன். ஆகஸ்டில் என்ன செய்தோம்? ஒன்பதாவது பட்டறை நடத்தினோம். சான்றிதழைக் கெட்டி அட்டையில், தங்க நிற ஓரத்தோடு அடித்தோம். புது மைக் வாங்கினோம். சுவருக்குப் பஞ்சு ஒட்டினோம். ஒவ்வொன்றாக எழுதினேன். ஏழு காரணங்கள் வந்தன. கோயம்புத்தூர் கருத்தரங்கில் வாசித்தேன். 2024 மார்ச்சில் விருது கொடுத்தார்கள். அதோ, அலமாரிக்கு மேலே இருப்பது அதுதான். தூசி தட்டச் சொன்னேன், தட்டவில்லை.

விருது வந்தால் பின்னாலேயே தரக்குழு வரும். ஜூலையில் வெளியிலிருந்து நான்கு வல்லுநர்கள் வந்தார்கள். பதிவுகளைப் போட்டுக் காட்டினேன். குழந்தைவேலுவின் வகுப்பைப் போட்டதும், அதில் பெரியவர், நரைத்த மீசை வைத்தவர், கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"யார் அந்த அம்மா? பின்னால முனகிட்டே இருக்காங்க. உடம்பு சரியில்லையா?"

மற்ற மூவரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பஞ்சு ஒட்டின அறை, கப்பலில் வந்த மைக், தங்க ஓரச் சான்றிதழ், அதற்குள் ஒரு 'ம்'. நீங்களே சொல்லுங்கள், என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

மூன்று வேலை செய்தேன். ஒவ்வொரு அறைக் கதவிலும் 'ஒருவர் மட்டும்' என்று பலகை மாட்டினேன். மாணவர்களின் மைக்கை இங்கிருந்தே பூட்டினேன், ஆசிரியர் நினைத்தாலும் திறக்க முடியாது. சந்தேகம் இருந்தால் திரையில் கை தூக்குகிற பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தட்டும். மூன்றாவது, பழைய பதிவுகளில் இருந்த அத்தனை 'ம்'மையும் வெட்டி எடுக்கச் சொன்னேன். எங்கள் டெக்னீஷியன் இசக்கி இரண்டு மாதம் அந்த ஒரு வேலையைத்தான் செய்தான். "சார், கனவுலயும் ம்முன்னு கேக்குது" என்றான். வெட்டிய பிறகு கேட்டால் எவ்வளவு சுத்தம் தெரியுமா?

ஜெபமணி மேடம் மறுநாளே வந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலி.

"என்ன சார், கக்கூஸ் கதவு மாதிரி ஒருவர் மட்டும்னு போர்டு தொங்குது?"

"தரம் மேடம்."

"யாரு தரம்?"

"பின்னணியில ஒரு பொம்பளை முனங்குறாங்கன்னு நாலு எக்ஸ்பர்ட் சொல்லிட்டுப் போயிருக்காங்க. உங்க பேரு வெளிய வராம நான்தான் காப்பாத்துனேன்."

"பெரிய உபகாரம். சார், ஒண்ணு கேக்கேன். நீங்க போன்ல பேசும்போது அந்தப் பக்கம் ஒரு ம் வரலேன்னா என்ன செய்வீங்க?"

"ஹலோ, ஹலோம்பேன்."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை."

"அப்புறம்?"

"வச்சிருவேன்."

என்னையே பார்த்தார். "அவ்வளவுதான் சார்" என்றார். எதற்காகப் போனைப் பற்றிப் பேசினார் என்று இன்று வரைக்கும் எனக்குப் புரியவில்லை. விலங்கியல்காரர்கள் இப்படித்தான், பேச்சு எங்கேயோ போகும்.

அப்புறம் குரலை இறக்கிக்கொண்டார். "இன்னும் ரெண்டு செமஸ்டர்தான் சார். நாப்பது பேரு முடிச்சாத்தான் வேலு சார் துறை நிக்கும். அந்த ரெண்டு பிள்ளைங்க பாவம், பிஎச்.டி. முடிச்சிட்டு எட்டு வருஷமா கௌரவ விரிவுரையாளராவே கிடக்குதுங்க. அவரு வகுப்புக்கு மட்டும் விட்டுருங்க. நான் ஓரமா உக்காந்துட்டு வந்துருதேன். மெதுவா சொல்லுதேன்."

"ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும் மேடம்."

"விடுங்களேன்."

"மைக் ரொம்ப நல்ல மைக். மெதுவா சொன்னாலும் விழும்."

எழுந்து போய்விட்டார். போனவர் சும்மா இருந்தாரா? அடுத்த வகுப்பிலிருந்து கண்ணாடிக்கு வெளியே நின்றார். குழந்தைவேலு உள்ளே பேசுவார், இவர் வராந்தாவில் நின்று தலையை ஆட்டுவார். சத்தம் போகாது, சட்டப்படி தப்பில்லை. ஐம்பத்தொன்பது வயதுப் பேராசிரியை, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பொம்மை மாதிரித் தலையாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்கிறார். போகிற வருகிற பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள். அவருக்கு முழங்கால் வலி வேறு. ஒரு நாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று ஆட்டினார். எனக்கே மனது கேட்கவில்லை. அதோடு வராந்தா வெளிச்சம் கேமராவில் அடிக்கிறது என்று இசக்கி சொன்னான். ஆறு அறைக்கும் கறுப்புத் தாள் ஒட்டிவிட்டேன். அந்த அம்மாளுக்கும் நிற்கிற கஷ்டம் விட்டது.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை. கறுப்புத் தாள் ஒட்டிய பிறகு குழந்தைவேலுவின் முதல் வகுப்பு. அந்தப் பதிவு என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் போட்டுக் காட்டுகிறேன். வேண்டாமா? சரி. பாடம் வடகிழக்குப் பருவக்காற்று.

"வெறுங்கையோட கெளம்புன காத்து," என்று நன்றாகத்தான் ஆரம்பித்தார், "கடலைத் தாண்டும்போது தண்ணியை அள்ளிக்கிட்டு வருது. நம்ம கரைக்கு வருது. வந்து?"

நிறுத்தினார். கேமராவுக்குப் பின்னால் பார்த்தார். ஸ்டூல் இருந்தது, அதை எடுக்க மறந்துவிட்டோம். கறுப்புத் தாளைப் பார்த்தார்.

"வந்து?"

இசக்கி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "சார், லைன் போயிருச்சா?" என்று என்னைக் கேட்டான். லைன் போகவில்லை. அவ்வளவு சுத்தமாக இருந்தது.

"கேக்குதா?" என்றார் குழந்தைவேலு. இடது கை அந்தரத்தில் நின்றது. "யாராவது இருக்கீங்களா?"

தம்பி, இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்த நேரத்தில் வகுப்பில் இருந்தவர்கள் நாற்பத்து நான்கு பேர். அதில் முப்பத்தொரு பேர் கை தூக்குகிற பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். ஒரே நேரத்தில் முப்பத்தொரு மஞ்சள் கை. கிரேன்காரர் கை, வால்பாறைக் கை, எல்லாம். அப்புறம் கணக்கு எடுத்தபோதுதான் எனக்கே தெரிந்தது. ஆனால் அந்தக் கைகள் எங்கே தெரியும்? வலது பக்கம் மூலையில் ஆள் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும், அதில் தெரியும். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லையா? ஒன்பதாவது பட்டறை, எட்டாம் பகுதி, மதியம் இரண்டரை மணி. ஐயா எங்கே போனார்? குரூப் போட்டோவோடு எழுந்து போய்விட்டார்! இதற்கு நான் என்ன செய்ய முடியும்?

கையை இறக்கினார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து பாடப்புத்தகத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து கடைசி வகுப்பு வரைக்கும் வாசிப்புதான். ஒழுங்காக ஐம்பத்தைந்து நிமிடம். கை கேமராவை விட்டு வெளியே போகவில்லை. பிசிறில்லாத குரல். டிசம்பரில் தரக்குழு மறுபடியும் வந்தபோது அவர் வகுப்புக்குத்தான் முழு மதிப்பெண். அந்த நரைத்த மீசைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

போய்ச் சொன்னேன் குழந்தைவேலுவிடம். "சார், நீங்கதான் முதல்" என்று.

"எதுல?" என்றார்.

"ஒலித் தரத்துல."

"ஆமா சார், இப்போ எனக்கே கேக்குது" என்றார். என்ன கேட்கிறது என்று சொல்லவில்லை. நானும் விடவில்லை, கேட்டேன். சிரித்துவிட்டு, "டீ சாப்பிடுவோமா?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. வயதானால் இப்படித்தான்.

மாணவர்கள் கழன்றுகொண்டார்கள். நாற்பத்து நான்கு முப்பத்தெட்டாகி, முப்பதாகி. கிரேன்காரருக்கு நான் போன் போட்டேன், ஏன் வரவில்லை என்று. "சார் நல்லா இருக்காரா? உடம்புக்கு ஏதும் இல்லையே?" என்று அவர் என்னைக் கேட்கிறார். நன்றாக இருக்கிறார், நீங்கள் ஏன் வருவதில்லை என்றேன். "புஸ்தகம் எங்கிட்டயும் இருக்கு சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். படிக்கிற அக்கறை இல்லை. வேலைக்குப் போகிறவர்களைச் சேர்த்தது தப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

மற்ற ஆசிரியர்களும் அப்படியே. நாற்பத்தொரு பேர் இருபதாகி, ஒன்பதாகி, இப்போது நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு சாக்கு. ஒருவருக்குத் தலை சுற்றுகிறதாம். ஒருவருக்கு உள்ளே போனால் சவப்பெட்டி மாதிரி இருக்கிறதாம். அந்தப் பத்து வருடமாகப் பேசாத இரண்டு பேரும் மறுபடியும் பேசுவதில்லை. வேண்டியவை எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. அதே மைக், அதே பஞ்சு, அதே சான்றிதழ். என் ஏழு காரணமும் அப்படியே இருக்கின்றன. எதுவும் குறையவில்லை. ஆனாலும் போய்விட்டார்கள். அப்படியானால் குறை யாரிடம்? நீங்களே சொல்லுங்கள்.

ம். அப்படிச் சொல்லுங்கள். நீங்கள் நன்றாகக் கேட்கிறீர்கள் தம்பி. முதலில் எனக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது, நீங்கள் பாட்டுக்குக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் நிமிர்ந்து ம் என்றீர்கள், தலையாட்டினீர்கள், எனக்கும் மளமளவென்று வந்துவிட்டது. இல்லையென்றால் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். எழுதிக்கொண்டிருந்தால் பேச்சு நின்றுபோகும். உங்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் புவியியல் படிப்பை முடித்தவர்கள் இருபத்திரண்டு பேர். ஆட்சிமன்றக் குழுவில் குழந்தைவேலுவைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றார். பெரிய மேஜை, சுற்றிலும் பதினெட்டுப் பேர், எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்று உட்கார்ந்துவிட்டார். நான் பரிந்து பேசியிருக்கலாம் என்று ஜெபமணி மேடம் யாரிடமோ சொன்னாராம். என்னத்தைப் பேச? கணக்கு கணக்குதானே?

ஜூன் கடைசியில் இருவருக்கும் ஒரே நாளில் பிரிவுபசாரம். ஒரே நாளில் சேர்ந்தவர்கள் இல்லையா. குழந்தைவேலு ஏற்புரையில் என்னமோ பேச ஆரம்பித்தார், "நாங்க சேர்ந்த அன்னிக்கு மழை" என்று. மேடையில் பக்கத்து நாற்காலியிலிருந்து அந்த அம்மாள் "ம்" என்றார், மைக்கில் விழுகிற மாதிரி. கூட்டம் சிரித்தது. பழைய ஆசிரியர்கள் சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இவர்களுக்கு எது சிரிப்பு, எது அழுகை என்றே எனக்குப் பிடிபடுவதில்லை. எனக்கு மைக் சத்தம் எகிறியதுதான் கவலை.

அந்தக் கௌரவ விரிவுரையாளர்கள் இரண்டு பேரில் ஒருவர் பழனிப் பக்கம் ஏதோ சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறார். இன்னொருவர் ஒரு பெண், அவரைப் பற்றித் தகவல் இல்லை.

உங்கள் கேள்வித்தாளில் கடைசிக் கேள்வி என்ன? 'எதிர்காலத் திட்டம்.' எழுதிக்கொள்ளுங்கள். பத்தாவது பட்டறை செப்டம்பரில். நாற்பது பேர் பதிவு செய்திருக்கிறார்கள், சான்றிதழ் அட்டை அச்சுக்குப் போயிருக்கிறது. அறைகளும் போதவில்லை என்று எழுதிக் கேட்டிருந்தேன். 2025 ஜூலை 3, வியாழக்கிழமை, புவியியல் துறை அறையின் பூட்டை மாற்றி, சாவியை எங்கள் மையத்திடம் கொடுத்தார்கள். அங்கே புதிதாக ஆறு கண்ணாடி அறைகள் கட்டியாகிவிட்டது.